இடது கிருதா

அந்தச் சிறையில் யார் தலையைப் பார்த்தாலும் ஓர் ஒற்றுமை இருக்கும். வலப்பக்கக் கிருதா காதின் பாதியில் ஒழுங்காக நின்றுவிடும். இடப்பக்கக் கிருதா மட்டும் கேட்க ஆளில்லாத பிள்ளை மாதிரி காது மடல் வரை இறங்கிக் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள், "இது என்னங்க, தண்டனையோட சேர்த்தியா?" என்று கேட்பார்கள். பழைய ஆட்கள், "இல்ல தம்பி, அது நம்ம பார்பரோட கையெழுத்து" என்பார்கள்.

அந்தப் பார்பருக்குக் கிருதா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய சொந்தக் கிருதா வெகு அழகு. அடர்த்தியாக, லேசாக வளைந்து இறங்கும். அதை மெச்சித்தான் ஊர் தனக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை.

வெளியே இருந்தவரை தண்ணீர் கேன் வண்டியின் டிரைவர். உள்ளே வந்தபின்தான் கத்தரி பிடித்தார். முன்பு முடி வெட்டிக்கொண்டிருந்தவர் விடுதலையாகிப் போன அன்று, யாரும் சொல்லாமலே போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். சக்கரம் கழன்ற பழைய ஆபீஸ் நாற்காலி. எதிரே மூலை உடைந்த கண்ணாடி. அதுதான் ராஜ்ஜியம். "இங்க எல்லாரும் மேல இருக்கறவனுக்குத் தலை குனியணும். மேல இருக்கறவன் என்கிட்ட வந்து குனியணும்" என்பார். அது வெறும் வாய்ச்சவடால் என்றும் சொல்ல முடியாது. ஜெயிலரே மாதம் ஒரு தரம் துண்டைப் போர்த்திக்கொண்டு அந்த நாற்காலியில் கழுத்தை நீட்டுவார்.

சவரம் நடக்கும்போதே கிருதா பத்திரிகை வாசித்துச் சொல்வதும் உண்டு. "டாக்டர் கைது!" என்று ஒருநாள் கூவினார். கூட்டம் கூடிவிட்டது. யார் டாக்டர், எதற்குக் கைது என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதி முடித்தபின் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "யோவ், போலி டாக்டர்னு போட்டிருக்கான்யா!" அவர் வேண்டுமென்றே அப்படிப் படிக்கிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். கிருதாவும் சிரித்தார். அவர் சட்டையின் இடது தோளில் எந்நேரமும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். "சுவரு என்ன உனக்கு மாமன் மகளா, உரசிக்கிட்டே போறே?" என்று வார்டர் கேட்டால் அதற்கும் சிரிப்பார்.

இந்தச் சிரிப்பெல்லாம் மேஸ்திரிக்குக் கண்ணாடி வரும்வரைதான்.

மேஸ்திரி அவருடைய அறைத் தோழர். வெளியே கட்டட வேலை பார்த்தவர். ஓர் அடிதடியில் கடப்பாரையால் மண்டையில் வாங்கியிருந்தார். அந்த அடிதடிக்கே உள்ளேயும் வந்திருந்தார். குழாய் சொட்டினால் வாளியை வீசுவார். வெளிச்சத்தில் உட்கார மாட்டார். எழுத்தைக் காட்டினால், "எறும்பு ஓடுது" என்று தாளைத் தட்டிவிடுவார். எதிரே பேசுகிறவனைத் தலையைச் சாய்த்து ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே வார்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். "என்ன முறைக்கிறே?" என்பார்கள். அவர் முறைக்கவில்லை என்பது கிருதா ஒருவருக்குத்தான் தெரியும். மேஸ்திரிக்குக் கோபம் ஏறினால் வார்டரே, "கிருதாவைக் கூப்பிடு" என்பார். கிருதா போய், "மேஸ்திரி, வா, தாடியை எடுத்துவிடறேன்" என்று சொல்லி வெந்நீரால் முகத்தைத் துடைத்துவிட்டால் ஆள் அடங்கிவிடுவார். தான்தான் மேஸ்திரிக்கு மருந்து என்பதில் கிருதாவுக்கு உள்ளூர ஒரு நிமிர்வு.

பிறகு கண் டாக்டரம்மா வந்தார். தலையில் அடிபட்ட கைதிகளுக்குக் கண்ணையும் மூளையையும் சேர்த்துப் பார்க்க ஏற்பாடு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கடைசி அறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, சுவரில் எழுத்து அட்டை. வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வி ஒன்றே: "தலையில எப்பவாவது பலமா அடிபட்டிருக்கா?"

வரிசையே சிரித்தது. "அடிபடாத தலை இங்க எதும்மா?" என்றான் ஒருவன்.

கிருதாவின் முறை வந்தபோது, "எனக்கென்ன டாக்டரம்மா, எல்லார் தலையும் என் கையிலதான் இருக்கு. என் தலை பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வண்டிக் கூரைமேல் ஏறிக் கேன் கட்டும்போது ஒருநாள் கயிறு அறுந்து கீழே விழுந்தவர்தான். பின்மண்டை போய் ஓரத்திலிருந்த பாலத்துக் கைப்பிடிக் கட்டையில் மோதியது. ஒருநாள் முழுக்க நினைவில்லை. தையல் போட்டார்கள், பிரித்தார்கள், தலைவலி போனதும் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். சரியாகிப்போன ஒன்றை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்?

மேஸ்திரியை உள்ளே நிறுத்திக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது அவர் மூக்கின்மேல் இளம் ஊதா நிறத்தில் ஒரு கண்ணாடி உட்கார்ந்திருந்தது.

"என்னய்யா இது, மாப்பிள்ளைக் கோலம்?" என்றார் கிருதா.

"வெளிச்சம் குத்தலப்பா. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுதில்ல, இப்ப ஒண்ணாத் தெரியுது. நீயும் ஒருத்தனாத்தான் இருக்கே!" மேஸ்திரி சிரித்தார். அவர் பல்வரிசையைக் கிருதா அன்றுதான் முழுதாகப் பார்த்தார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். கிருதாவும் பட்டார், ஒரு அரைமணி நேரம். அதன்பின் வயிற்றில் எரிய ஆரம்பித்தது. மாலையில் வார்டர் வந்து, "மேஸ்திரி, மணிக் கயிறு வச்சுப் பழகினீங்களா?" என்று கேட்டார். "பழகினீங்களா"வாம்! நேற்றுவரை "ஏய்" என்று இருந்த ஆள். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த கண் பயிற்சி அது. கயிற்றில் மூன்று பாசிமணியைக் கோத்து ஒரு முனையை மூக்கில் வைத்துக்கொண்டு, மேஸ்திரி ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பழகுவார். நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கிருதாவின் நாற்காலிப் பக்கம் அந்த நேரத்தில் ஈ காக்கை வராது.

அடுத்து மேஸ்திரியைச் சத்தம் இல்லாத பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். சத்தம் ஆகாத தலையாம். வாளியைப் போட்டு உடைத்தவனுக்கு ஜன்னல் வைத்த அறை! ஒரு வாளியைக்கூட உடைக்காமல் ஒழுங்காக இருந்தவனுக்கு என்ன கிடைத்தது? மேஸ்திரியின் வெற்றுப் படுக்கையைப் பார்த்துக் கிருதா இதைத்தான் கேட்டுக்கொண்டார்.

ஆனால் ஜன்னலைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது ஒரு மேஜை.

சவரம் செய்யப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனபோது அதைப் பார்த்தார். மேஸ்திரியின் மனைவியும் மகனும் வந்திருந்தார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிற வேலை இல்லை. ஒரு சாதாரண மர மேஜை, சுற்றி நாற்காலிகள். வீட்டு ஆட்களுக்கும் பயிற்சி சொல்லித்தர வேண்டும் என்பதால் டாக்டரம்மா வாங்கிக் கொடுத்த சலுகை. மகன் அப்பாவின் கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டான். மனைவி, மேஸ்திரியின் சட்டைக் காலரை நீவிவிட்டாள். அவ்வளவுதான். கிருதா கத்தியும் கிண்ணமுமாக வாசலிலேயே நின்றார். 

அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே பெண். இப்போது அத்தை வீட்டில் இருந்துகொண்டு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவரைப் பார்க்க வரவில்லை.

கிருதா உள்ளே வந்தது ஒரு விபத்துக்காக. அவர் ஓட்டிய வண்டியில் அடிபட்டுச் செத்தவர் அவர்கள் தெருவுக்கே பால் ஊற்றியவர். மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து "பால் மாமா" என்று கூப்பிட்ட மனிதர். பட்டப்பகல். இடப்பக்கச் சந்திலிருந்து சைக்கிளில் வந்தார். "வந்ததே தெரியல சார்" என்றுதான் கிருதா கோர்ட்டில் சொன்னார். "ரெண்டு கண்ணும் இருக்கு, குடிக்கலேங்கறே, வெயில் அடிக்குது. ஆள் தெரியல?" என்று அரசு வக்கீல் கேட்டபோது கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். மகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் கிருதா, "கவனிக்கல சார்" என்று சொல்லிவிட்டார். சொல்லிச் சொல்லி அதுதான் உண்மை என்று அவருக்கே ஆகிவிட்டது.

அந்த வாரம், மகளை வீட்டில் வைத்திருக்கும் தங்கை கம்பிவலைக்கு அப்பால் வந்து நின்றாள்.

"அவளைக் கூட்டிட்டு வரலியா?"

"கூப்பிட்டேண்ணே. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தறதுக்கு என்னால ஆகாதுங்கறா."

"மேஜை போட்டு உக்காந்து பேசலாம்னா வருவாளா?"

"என்னாண்ணே?"

பக்கத்தில் இருந்தவர் தன் மாமியாரோடு கத்திக்கொண்டிருந்தார். தங்கைக்குக் காதில் விழவில்லை. கிருதா, "ஒண்ணுமில்ல, போ" என்றார். அந்த மேஜை தனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

அதற்கு வழி? மண்டையில் கோளாறு வேண்டும். கோளாறுக்கு வாத்தியார் பக்கத்துக் கட்டடத்திலேயே இருந்தார். மேஸ்திரியின் முகத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே கிருதா பாடம் கேட்டார்.

"வெளிச்சம் பட்டா எப்படி இருக்கும் மேஸ்திரி?"

"ஊசி ஏத்தற மாதிரி."

"எழுத்து?"

"நெளியும். நீ எதுக்குக் கேக்கறே?"

"பழகினவன் கஷ்டத்தைத் தெரிஞ்சுக்கக் கூடாதா?"

மேஸ்திரியின் கண் கலங்கிவிட்டது. "உன்ன மாதிரி எவன்யா கேட்டான்" என்றார். கிருதாவுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதையும் கேட்டுக்கொண்டுதான் எழுந்தார்.

டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்ததும், "தலையில அடிபட்டதை மறந்துட்டேன் டாக்டரம்மா" என்று தொடங்கி, பாலக் கட்டையில் விழுந்த கதையைக் காது மூக்கு வைத்துச் சொன்னார். எழுத்து நெளிகிறது என்றார். டாக்டரம்மா டார்ச்சைக் கையில் எடுத்ததும், "ஐயோ, ஊசி ஏத்துது!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"நான் இன்னும் லைட்டே போடலையே" என்றார் டாக்டரம்மா.

கிருதா விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். டார்ச் அணைந்துதான் இருந்தது. மூக்கு உடைந்துவிட்டது, எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டுக்கொண்டார்.

"சரி, விடுங்க. என் மூக்கையே பாருங்க. கண்ணை நகர்த்தக் கூடாது. பக்கவாட்டுல என் விரல் ஆடறது தெரிஞ்சா சொல்லுங்க."

இது மேஸ்திரியின் பாடத்தில் இல்லை. படிக்காத கேள்விக்கு உள்ளதைச் சொல்லிவிடுவதே மேல் என்று கிருதா தீர்மானித்தார். வலப்பக்கம் விரல் ஆடியது. "தெரியுது." மேலே, கீழே. "தெரியுது, தெரியுது." பிறகு டாக்டரம்மா பேசாமல் இருந்தார். கிருதா அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அதன் நுனியில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய்,

"ஆட்டுங்க டாக்டரம்மா, வெளிய ஆளுங்க நிக்கறாங்க" என்றார்.

"நான் ஆட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

கிருதா தலையைத் திருப்பினார். அவருடைய இடது காதுக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில், டாக்டரம்மாவின் விரல் ஆடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கண்ணாக மூடியும் பார்த்தார்கள். அதே கதை. வேறு வேறு கருவிகளில் முகத்தை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தபின் டாக்டரம்மா சொன்னார்: "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பாக்கறது கண்ணு மட்டும் இல்ல, மூளையும்தான். பின்மண்டையில பட்ட அடியில இடப்பக்கத்தைப் பாக்கற இடம் கெட்டுப்போச்சு."

"அப்ப அந்தப் பக்கம் இருட்டாவில்ல தெரியணும்?"

"உங்க முதுகுக்குப் பின்னாடி இருட்டாவா தெரியுது?"

கிருதா யோசித்தார். முதுகுக்குப் பின்னால் இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

"அது மாதிரிதான். அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலங்கறதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டரம்மா. "போனது திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்கப் பழக்கலாம். மூக்குக் கண்ணாடியில ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டித் தரேன், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இழுத்துக் காட்டும். பக்கத்துக் கட்டடத்துல இருந்து பழகணும். வீட்டு ஆளுங்களையும் வரச் சொல்லணும்." அங்கே கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு. நான் மேல சொல்லிட்டா உங்க கையில சவரக் கத்தி குடுக்க மாட்டாங்க. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

கிருதா வெளியே வந்தார். வாசல் நிலையில் தோள் இடிக்கவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்படியே முற்றத்தையும் பார்த்தார். குழாயடியில் நின்றவன், துணி உலர்த்தியவன், வெயிலில் உட்கார்ந்திருந்தவன். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒருத்தன் பாக்கியில்லாமல் இடப்பக்கக் கிருதா காது மடல் வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், இத்தனை நாளா இப்படியேவாடா சுத்திக்கிட்டு இருந்தீங்க?"

"எப்படிண்ணே?"

"கிருதாடா! ஒண்ணு மேல, ஒண்ணு கீழ!"

"அது உன் ஸ்டைலுன்னு நெனச்சோம்."

"ஒருத்தன்கூடச் சொல்லலியேடா!"

"கத்தி உன் கையில இருக்கறப்ப எவன் சொல்லுவான்?" என்றான் குழாயடியில் நின்றவன். "அதான் பேரா வச்சுக் கூப்பிட்டோமே, புரிஞ்சுக்குவேன்னு."

அன்று பகல் முழுக்கக் கிருதா நாற்காலியின் பின்னால் நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் இடப்பக்கத்தைத் தலை திருப்பித் திருப்பிப் பார்த்து வெட்டினார். கழுத்து வலித்தது. அப்படியும் ஒருவருக்குக் காதோரம் கீறிவிட்டது. ரத்தம் வலப்பக்கம் வழிந்திருந்தால் உடனே பார்த்திருப்பார். இது அந்த ஆள், "அண்ணே, ஈரமா இருக்கு" என்று சொன்னபின்தான் தெரிந்தது. நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்தார். இதில்லாமல் அவர் யார்? எண் போட்ட இன்னொரு சட்டை. ஆனால் மேஸ்திரியின் மனைவி காலரை நீவிவிட்ட அந்த விரல்கள் மறுபடி மறுபடி கண்முன் வந்தன. மறுநாள் காலை கத்தியை அவரே கொண்டுபோய் வார்டர் கையில் கொடுத்தார்.

"நாற்காலி யாருக்கு ஐயா?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மேஸ்திரிக்குக் குடுக்கலாம்னு பேச்சு. டாக்டரம்மாவும் சரின்னுட்டாங்க. கை நல்லா நிதானமாயிடுச்சாம். கண்ணுதான் ஒண்ணாயிடுச்சே."

கிருதாவுக்கு அப்போது வந்த எரிச்சலை அளக்க அளவில்லை. கண்ணாடி அவனுக்கு, ஜன்னல் அவனுக்கு, மேஜை அவனுக்கு. கடைசியில் நாற்காலியும் அவனுக்கா?

பக்கத்துக் கட்டடத்துக்கு மாறி, மறுபடி மேஸ்திரியோடு ஒரே அறைக்கு வந்த கொஞ்ச நாளில் டாக்டரம்மாவே அத்தை வீட்டுக்குப் போன் போட்டுப் பேசினார். மகள் வந்தாள். பயிற்சி கற்றுக்கொள்ள மட்டும்தான் வந்ததாக வாசலிலேயே டாக்டரம்மாவிடம் சொன்னாளாம். மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவள் அப்பாவைப் பார்க்கவில்லை. இளைத்திருந்தாள். கடைச் சீருடையோடே வந்திருந்தாள்.

"நான் செஞ்ச சோதனையை நீங்களே செஞ்சு பாருங்க" என்று டாக்டரம்மா அவளை நேர் எதிரே உட்காரவைத்தார். "அப்பா, பொண்ணு மூக்கைப் பாருங்க. வேற எங்கயும் பாக்கக் கூடாது."

கிருதாவுக்கு அந்த உத்தரவு பிடித்திருந்தது.

மகள் வலக்கையை நீட்டி, அவருடைய இடப்பக்கத்தில் விரலை ஆட்டினாள். அவர் சும்மா இருந்தார். இன்னும் ஆட்டினாள். விரலை மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். காது, கன்னம், கண். கிட்டத்தட்ட அவர் மூக்குக்கு நேராக வந்தபின்தான், "ஆங், இப்பத் தெரியுது" என்றார்.

அவள் விரலை எடுக்கவில்லை. அந்த விரலுக்கும், அது கிளம்பிய இடத்துக்கும் நடுவே இருந்த காலியிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் ஒரு தெருச்சந்தும் ஒரு சைக்கிளும் தாராளமாகப் பிடிக்கும்.

"பால் மாமா இந்தப் பக்கமாத்தானேப்பா வந்தாரு?"

"ம்."

"கோர்ட்டுல ஏன் கவனிக்கலைன்னு சொன்னே?"

"தெரியலைன்னு சொன்னேன், சிரிச்சாங்க. அந்தப் பக்கம் பாக்க முடியலைங்கறது எனக்கே தெரியாதும்மா. அப்புறம் நான் என்னத்தைச் சொல்றது?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வழக்குக்கு இதனால் ஏதாவது ஆகுமா என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். பால் மாமா திரும்பி வரப்போவதில்லை என்பது மேஜையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரியும். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நாற்காலியைத் தூக்கி அப்பாவின் வலப்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கம் உக்காரக் கூடாது" என்றார் டாக்டரம்மா திரும்பாமலே. "அந்தப் பக்கம் உக்காருங்க. அப்பத்தான் அவர் திரும்பிப் பாக்கப் பழகுவார்."

மகள் மறுபடி எழுந்து இடப்பக்கம் போனாள். போனதும் கிருதாவுக்கு அவள் இல்லாமல் போனாள். அவர் தலையைத் திருப்பினார். இருந்தாள். அந்தச் சந்திப்பு முழுக்க அவர் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பயிற்சிக்காகவா என்று டாக்டரம்மா கேட்கவில்லை.

கிளம்பும்போது மகள் அவர் காலரை நீவிவிடவில்லை. அவர் அதை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"யாருப்பா வெட்டிவிட்டா? ரெண்டு கிருதாவும் ஒரே அளவா, அழகா இருக்கு."

கிருதாவின் முகம் சுண்டிப்போனது.

"மேஸ்திரிதான்" என்றார். "ரசமட்டம் வச்சுச் செவுரு கட்டின பய. வேற எப்படி வெட்டுவான்?"

"அடுத்த தடவையும் அவர்கிட்டயே வெட்டிக்கோ. நான் வர்றப்ப இப்படியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மகள் போனாள்.

அடுத்த தடவை என்றாளே, அதைக் கேட்டு மனசு குளிர்ந்ததா, மேஸ்திரியை மெச்சினாளே, அதற்கு வயிறு எரிந்ததா என்று கிருதாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அறைக்குத் திரும்பி, "யோவ் மேஸ்திரி" என்று கூப்பிட்டார். "எம் பொண்ணு உன் வேலையைப் பாத்துச் சிரிக்கிறாய்யா. நாளைக்கு ஒழுங்கா வெட்டிவிடு."